மண் ஒட்டாத பாதம்

அடுத்த கோடைப் பயிற்சிக்கு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, முதல் வாரத்தில் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் துறையில் கோப்பு இருக்கிறது. நானே உட்கார்ந்து எழுதிய கோப்பு. படியுங்கள், நன்றாகத் தூக்கம் வரும். அதில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். விட்டதற்குக் காரணம் மறதி இல்லை, வெட்கம்.

செயற்கைக் கால், பிடிமானக் கருவி, சக்கர நாற்காலிக்கு மாற்றுப் பாகம் என்று நம் ஆய்வகம் இன்றைக்குச் செய்கிற வேலைகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது ஆய்வகம் என்பது பட்டறைக்குப் பின்னால் ஒரு நீள அறை. மழை பெய்தால் ஒரு மூலையில் வாளி வைப்போம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, உண்மையாகவே கால் தேவைப்படுகிற ஒருவருக்காக ஆராய்ச்சி செய்யச் சொல்வேன். பட்டம் வாங்குமுன் ஒரு தடவையாவது நிஜ மனிதர்களிடம் திட்டு வாங்கட்டும் என்பது என் கொள்கை. அந்த வருடம் திட்டு எனக்குத்தான் தேவைப்பட்டது.

எங்களிடம் வந்தவள் போடிக்குப் பக்கத்துச் சிலமலை கிராமத்து ஈஸ்வரி. நாற்பதைத் தாண்டியவள், பதினாறு வயதிலிருந்து ஏலத்தோட்டத்து வேலை. தோட்டத்தில் விரியன் கடித்து, உயிர் பிழைத்தும் புண் ஆறாமல், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இலவசமாகக் கிடைத்த செயற்கைக் கால் ஒன்று வைத்திருந்தாள். சமதளத்துக்கு அது நல்ல கால்தான். மலைச்சரிவில் வழுக்கியது.

அவளுக்கு வேண்டியது ஜீப்பில் அவளுடைய இடம். விடியுமுன் சிலமலையில் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு, மலையேறிப் போடிமெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பு அது. அதில் இடம் இருந்தால் வேலை இருக்கிறது. அந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுப்ப முடியாது. ஆள்களைக் கூட்டிப்போகிற கங்காணி அவளுக்குத் தவணை கொடுத்திருந்தார். ஆடி கழிந்து முதல் காய் எடுப்பு தொடங்கும்வரை வாரம் இரண்டு நாள் களை வேலைக்கு வந்து பழகட்டும். அதற்குள் மற்றவர்களோடு சேர்ந்து நிரை பிடிக்க, அதாவது ஆளுக்கொரு செடிவரிசையில் வேலை செய்ய, முடிந்தால் இடம் அவளுக்கு, முடியாவிட்டால் வேறு ஆள்.

பிள்ளைகள் இருவரில் பிரபு பஸ் கண்டக்டர் மகன், கைவேலையில் கெட்டிக்காரன். நஸ்ரீன் போடி ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பெண். உள்ளங்கையில் நாலு காயை உருட்டிப் பார்த்துத் தரம் சொல்லிவிடுவாள். நானும் போடிக்காரிதான். என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. மூன்று பேரும் ஏலக்காய் வாசத்தில் வளர்ந்தவர்கள், தோட்டத்தைப் பற்றி எங்களுக்கு யார் என்ன சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு எங்களுக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வினையே இங்கேதான் தொடங்கியது.

சரிவில் வழுக்கக் கூடாது, அவ்வளவுதானே? பிரபு அகலமான பாதம் ஒன்று செய்தான். அடியில் பழைய டயர் ரப்பரில் ஆழமாகப் பள்ளம் வெட்டி ஒட்டினான். கணுக்கால் இருபக்கமும் சாய்ந்து கொடுக்கும். உள்ளே மெத்தென்று இருக்கட்டும் என்று தடித்த நுரை வைத்தோம். ஆய்வகத்தில் பலகையைச் சாய்த்து, மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து ஈஸ்வரியை நடக்கச் சொன்னோம். ஏறினாள், இறங்கினாள், குறுக்கே நடந்தாள். ஒரு இடத்திலும் வழுக்கவில்லை.

"இந்தக் காலுல அட்டை கடிக்காதுல்ல டீச்சர்? அந்த மட்டுக்கும் மிச்சம்" என்று சிரித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலை அவளிடம் கொடுத்தனுப்பினோம். வாரம் ஒருமுறை பிள்ளைகள் சிலமலைக்குப் போய், நான் தயாரித்த கேள்வித்தாளை வாசித்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டு எழுதிவர வேண்டும். நடக்க வசதியாக இருக்கிறதா? ஐந்து. சரிவில் பயமில்லாமல் இருக்கிறதா? ஐந்து. வலி? இல்லவே இல்லை, ஐந்து. இரண்டு வாரமும் ஐந்தாகவே வந்தது. வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் இதைப் பேச இடம் வாங்கிவிட்டேன். முதல்வரிடம் சொல்லியாயிற்று, என் அண்ணன் வீடுவரை சொல்லியாயிற்று.

மூன்றாவது தடவை போய்வந்த நஸ்ரீன் என் மேசைக்கு முன்னால் நின்றாள். "மேம், பாதம் சுத்தமா இருக்கு."

"சுத்தமாக இருந்தால் நல்லதுதானே?"

"இல்ல மேம். அடியில மண்ணே இல்ல."

"கழுவி வைத்திருப்பாள். வீட்டுக்கு வரப்போகிறீர்கள் என்று தெரியுமல்லவா?"

"கழுவுனாலும் அந்தப் பள்ளத்துல கொஞ்சமாவது நிக்கும் மேம். எங்க வீட்டு லோடு வண்டி மலைக்குப் போயிட்டு வந்தா டயரக் கழுவுறது நான்தான். குச்சி வச்சுக் குத்தினாக்கூட முழுசாப் போகாது. இது கடையில வாங்குன மாதிரி இருக்கு."

எனக்கு மூக்கின் நுனியில் கோபம் என்பது உங்களில் பழகியவர்களுக்குத் தெரியும். கருத்தரங்குக்கு ஐந்து நாள்தான் இருந்தது. "உனக்கு எதற்கு இந்தத் துப்பறிகிற சோலி? அவள் ஐந்து சொன்னாளா, இல்லையா? சொன்னதை எழுது" என்று கத்திவிட்டேன். அறையில் இருந்த பிரபு திருப்புளியைக் கீழே போட்டுவிட்டான். நஸ்ரீன் அட்டவணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை அட்டவணை என் மேசையில் இருந்தது. எல்லாப் பத்தியும் நிரம்பியிருந்தது. மலைச்சரிவு என்ற பத்தி மட்டும் காலி. அடியில் பென்சிலில் ஒரு வரி: "கண்ணால் பார்க்காததால் நிரப்பவில்லை. மன்னிக்கவும்."

கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தவள்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக அந்தப் பெண்ணுக்கு நான் எதைப் பழக்குகிறேன் என்று சொல்லிச் சம்பளம் வாங்கினேனோ, அதை அவள் செய்திருக்கிறாள். என் சத்தத்துக்குப் பயந்து ஒரு ஐந்தைப் போட்டிருந்தால் எனக்குத் தெரியவே போவதில்லை. அந்தக் காலிப் பத்திக்காக இன்றைக்கும் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

முதல் பஸ்சைப் பிடித்துப் போடிமெட்டு போய், அங்கிருந்து ஒரு ஜீப்பில் தோட்டத்துக்குப் போனோம். ஈஸ்வரி வேலைக்கு வருகிற நாள் அது. தோட்டத்து ஸ்டோர் வாசலில் பெண்களின் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே ஆணியில் ஒரு சாக்குப் பை தொங்கியது. பையிலிருந்து எங்கள் பாதம் எட்டிப் பார்த்தது.

பிரபுவின் முகத்தில் ஈயாடவில்லை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை அவன்.

செடிகளுக்குள் இறங்கினோம். ஈஸ்வரி முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தாள். வெட்டிய காலைச் சாக்கால் சுற்றி, அதன்மேல் டயர் டியூபை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு கையால் தழையை விலக்கி, ஒரு கையால் களையைப் பிடுங்கி, அடுத்த செடிக்கு முட்டியாலேயே நகர்ந்தாள். பக்கத்து நிரைப் பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். திருடிப் பிடிபட்டவளைப் போல அப்படி ஒரு முகம்.

"ஆத்தாடி! டீச்சர், சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீகளே. வழியெல்லாம் வழுக்குமே!"

வழுக்குவதைப் பற்றி அவள் எங்களுக்காகக் கவலைப்பட்டாள். நஸ்ரீன்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏன்க்கா கால மாட்டல?"

ஈஸ்வரி செடியின் அடியில் கிடந்த தழையை மெல்ல விலக்கிக் காட்டினாள். தரையோடு தரையாக, கொடி படர்ந்ததுபோல் சரம் சரமாகக் கிடந்தன. வெள்ளைப் பூவும் மிளகளவு பிஞ்சும். ஏலக்காய் அந்தச் சரத்தில்தான் காய்க்கிறது. மேலே தட்டையிலோ இலையிலோ இல்லை, நாம் கால் வைக்கிற தரையில். போடியில் பிறந்த மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆளாளுக்கு ஏலக்காயின் எடை தெரியும், நிறம் தெரியும், வாசம் தெரியும். அது எங்கே காய்க்கும் என்று எங்கள் மூவரில் ஒருத்தரும் யோசித்ததில்லை. எவ்வளவு பெரிய மடத்தனம் பாருங்கள்! வேறு ஊர்க்காரியாக இருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன்.

"மொத நாளு மாட்டிக்கிட்டுத்தான் வந்தேன் ஆத்தா. நல்லாப் பிடிச்சு நின்னுச்சு, பொய் சொல்லல. ஆனா அகலக்காலு பாரு, எங்குட்டு வச்சாலும் சரத்து மேலதான் விழுகுது. உள்ள மெத்தை வேற. எதுல இடிக்கிது, எத மிதிக்கிதுன்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நாங்க வெறுங்காலுல தடவித்தான் போவோம். பெருவெரலால சரத்த ஒதுக்கி விட்டுட்டு, அப்புறந்தேன் காலை ஊண்டுவோம். அன்னைக்கு நாலு சரம் நசுங்கிருச்சு. கங்காணியண்ணே சத்தம் போட்டுட்டாக. அன்னைக்கே பள்ளம் பள்ளமா முள்ளால நோண்டிக் கழுவுனவதான், இப்ப ஜீப்புக்கு நடக்க மட்டும் மாட்டிக்கிட்டு வந்து ஸ்டோருல கழட்டி வச்சிருவேன்."

"எங்ககிட்ட ஏன்க்கா சொல்லல?" பிரபு கேட்டான்.

"எப்பிடி அப்பு சொல்லுவேன்? வீடு தேடி வர்ற புள்ளைக. காப்பிய வாயில வச்சுக்கிட்டு, நல்லாருக்கா, நல்லாருக்கான்னு என் மொகத்தையே பாத்தீக. நல்லால்லன்னு சொன்னா ஒங்க மொகம் என்னத்துக்கு ஆகும்? அஞ்சு மார்க்குதானே, போட்டுட்டுப் போறேன்னு போட்டேன்."

என் கேள்வித்தாளில் பதினெட்டுக் கேள்விகள் இருந்தன. "காலை மாட்டுகிறாயா?" என்ற கேள்வி இல்லை.

அவளை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து டியூபை அவிழ்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அதட்டித்தான் அவிழ்க்க வைத்தேன். சாக்கு சதையோடு ஒட்டியிருந்தது. முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் தோல் உரிந்து, ஒன்றில் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. இதை அவள் இப்படியே விட்டால் அடுத்து முட்டிக்கு மேலே எடுக்க வேண்டிவரும். முட்டி போனால் எந்தக் கால் செய்தும் அவளால் மலையேற முடியாது.

"ஈஸ்வரி, இன்றோடு நிறுத்த வேண்டும். புண் ஆறும்வரை இங்கே வரக்கூடாது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், ஒங்களக் கும்புடுறேன். நிறுத்தச் சொல்லாதீக. நான் வரலைன்னா எடம் போயிரும். பத்து நாளு, பதினஞ்சு நாளு வீட்டுல ஒக்காந்தேன்னா அங்க வேறொருத்தி ஏறிருவா. இந்த முட்டிவலி எனக்குப் பழகிப்போச்சு."

முப்பது வருடத்தில் எவ்வளவோ முடிவு எடுத்திருக்கிறேன். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோது தடுமாறியதுபோல் எங்கும் தடுமாறியதில்லை. நிறுத்தினால் அவளுடைய பிழைப்பு போகும். நிறுத்தாவிட்டால் முட்டி போகும். நான் செய்த கேள்வித்தாளும், பிள்ளைகள் முகம் வாடக்கூடாது என்ற அவள் நல்ல குணமும் சேர்ந்து அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. அழுகை வந்தது, அழவும் செய்தேன். ஆனால் நிறுத்தத்தான் வேண்டும் என்றேன். கருவி சோதனைக்கு வந்தவரின் உடம்பில் புண்ணைக் கண்டபின் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். அவரே கெஞ்சினாலும் சொல்லாதீர்கள்.

அடுத்து கங்காணியிடம் போனேன். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர். சண்டைக்குத் தயாராகப் போனேன், அங்கே சண்டைக்கு வேலையே இல்லை.

"ஒரு சரம் நசுங்குனா அடுத்தடுத்த எடுப்புக்கு வர்ற காயெல்லாம் போச்சு டீச்சர். தோட்டத்துல எங்கிட்டதான கேப்பாக? அந்தப் பொண்ணு தவழ்றதப் பாத்து எனக்கும் சோறு எறங்கல. போகச் சொல்ல வாய் வரல, இருக்கச் சொல்லவும் மனசு வரல."

அதற்குள் பக்கத்து நிரைப் பெண்ணொருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே, அவ வர்ற வரைக்கும் அவ நெரைய நாங்க பத்துப் பேரும் பிரிச்சு எடுத்துக்கிறோம். ஜீப்புல அவ எடத்துல தூக்குவாளிய வச்சுக்கிட்டு வர்றோம். எவ ஏறுறான்னு பாக்குறேன்!"

கங்காணி சிரித்துவிட்டார். "சாரமில்ல. மொத எடுப்பு வரைக்கும் பாப்போம்" என்றார். பரவாயில்லை என்று சொல்ல அவர் ஒரு மலையாள வார்த்தையைப் போட்டார். எனக்கு அதைவிட இனிமையான தமிழ் அன்றைக்கு இருந்திருக்காது.

திரும்பும்போது வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. போடிக்கு வந்து இறங்கியதும் பிரபு கேட்டான். "மேம், கருத்தரங்குக்குப் போக வேண்டாமா?"

"போவோம். நடந்ததை நடந்தபடி சொல்வோம்" என்றேன்.

போனோம். "எங்கள் பாதம் தோற்றது" என்று தொடங்கினாள் நஸ்ரீன். கேள்வித்தாள் தயாரித்தவர் யார் என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்து நின்றேன். பரிசு கிடைக்கவில்லை, கைதட்டலும் அளவாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் இருவரும் திரும்பும் வழியெல்லாம் புதுப் பாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

புண் ஆறும்வரை ஈஸ்வரி ஆய்வகத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். அந்த நாள்களில்தான் நான் முதன்முதலாக ஒழுங்காக ஆராய்ச்சி செய்தேன் என்று நினைக்கிறேன். "என்ன வேண்டும்?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். "செய்து காட்டு" என்றோம். தரையில் தழையைப் பரப்பி, அடியில் கயிறுகளைச் சரம்போலப் போட்டு வைத்தோம். அவள் நல்ல காலால் கயிற்றைத் தேடி, ஒதுக்கி, ஊன்றிக் காட்டினாள். பிரபு தரையில் படுத்துக்கொண்டு அவள் பெருவிரலைப் பார்த்தான். அகலமான பாதத்தை அவனே ரம்பத்தால் அறுத்தான். முன்பக்கம் ஒடுங்கி, தழைக்குள் நுழைகிற மாதிரி வழுவழுப்பான ஒரு நுனி வைத்தான். பிடிமானம் குதிகாலில் மட்டும். நுரையை எடுத்துவிட்டு, பட்டால் சுரீரென்று மேலே தெரிகிற மாதிரி விறைப்பான தண்டு வைத்தோம்.

முதல் நாள் அது ஒன்றும் உதவவில்லை. "கட்டை மாதிரி இருக்கு" என்றாள். அப்படி அவள் சொன்னதும் நஸ்ரீன் சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இந்தப் புள்ளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா டீச்சர்? குத்தம் சொன்னாச் சிரிக்கிது" என்று ஈஸ்வரி ஆச்சரியப்பட்டாள். நாலு தடவை தேய்த்து, நாலு தடவை மாற்றி, கடைசியில் தழைக்கு அடியில் இருந்த ஆறு கயிறுகளையும் ஒன்றைக்கூட மிதிக்காமல் கடந்தாள். ஆய்வகத்தில் தேறிய கால் மலையில் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் ஆகியிருந்ததால், அப்போது யாரும் கைதட்டவில்லை.

முதல் எடுப்பு அன்று பிள்ளைகளுடன் நானும் மலைக்குப் போனேன். அவள் நிரையில் நின்று, பாதத்தின் நுனியைத் தழைக்குள் செருகி, தடவி, சரத்தை ஒதுக்கி, ஊன்றி, குனிந்து காய் எடுத்தாள். மற்றவர்களைவிட மெதுவாகத்தான் போனாள். ஆனால் நின்றபடி போனாள். அவள் கடந்த பிறகு கங்காணி செடி செடியாகத் தழையை விலக்கிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். நிரை முடிகிற இடத்தில் நிமிர்ந்து, எங்கள் பக்கம் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார். நஸ்ரீன் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அட்டவணையை முடிக்க வேண்டுமென்று மூவரும் விடியுமுன் சிலமலைக்குப் போனோம். ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. ஈஸ்வரி தன் இடத்தில் இருந்த தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதத்தில் செம்மண் அப்பிக்கிடந்தது, பள்ளமெல்லாம் மண்.

"அக்கா, சரிவுக்கு எத்தனை மார்க்கு?" நஸ்ரீன் ஓடிப்போய்க் கேட்டாள்.

ஈஸ்வரி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ரெண்டு! வாரு உராயுது, நுனி அதுக்குள்ள தேஞ்சுபோச்சு, மழையில தண்ணி உள்ள எறங்குது. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, இன்னுஞ் சொல்லுறேன். வர்றப்ப அந்தத் திருப்புளியக் கொண்டா. வண்டிய எடுங்கண்ணே, வெரசா!"

பதினோரு பெண்களோடு ஜீப்பு மலைப்பக்கம் திரும்பியது. நஸ்ரீன் என் முதுகில் தாளை வைத்து, காலியாக இருந்த பத்தியில் இரண்டு என்று எழுதினாள்.